ஏசாயாவின் வசனமும் லிங்கராஜபுரத்து வீடும்

சனிக்கிழமை காலை, காட்பாடி

2002ஆம் வருடம், கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை. காட்பாடி சந்திப்பில் பெங்களூர் வண்டிக்காக நின்றுகொண்டிருந்தேன். கன்டோன்மென்ட் நிலையம் வரை ஏறக்குறைய இருநூற்று முப்பது கிலோமீட்டர்; இரண்டாம் வகுப்பு டிக்கெட் அறுபது ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. என் தம்பி தேவராஜ் போன் செய்யாமல் இருந்திருந்தால் அந்த அறுபது ரூபாயும் மிச்சம், விடுமுறை நாள் தூக்கமும் மிச்சம்.

தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தே தலை நரைத்தவள் நான். குரலை வைத்தே மறுமுனையில் இருப்பவரின் முகத்தைச் சொல்லிவிடுவேன். தேவராஜ் பேசியது இரண்டே வாக்கியம். "அக்கா, நீ வந்து அவகிட்ட சொல்லு. அவ வாசிக்க மாட்டேன்றா." அவன் முகம் எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்ததால்தான் பையைத் தூக்கினேன்.

என்ன வாசிப்பு என்று வாசகர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். லிங்கராஜபுரத்தில் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நிறைய. தேவராஜும் அவன் மனைவி வசந்தியும் போகிற சின்ன ஆலயத்தில், கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு மாலையில் தீர்க்கதரிசன ஆராதனை நடக்கும். மேசியா வருவார் என்று பழைய தீர்க்கதரிசிகள் பல நூறு வருடங்களுக்கு முன்பே சொல்லிவைத்தார்கள், அதெல்லாம் இயேசுவில் நிறைவேறியது என்பது எங்கள் விசுவாசம். தாவீதின் வம்சத்தில் வருவார் என்றார்கள், வந்தார். பெத்லகேமில் பிறப்பார் என்றார்கள், பிறந்தார். இதை அந்த ஆலயத்தில் வீடு வீடாகப் பிரித்துக் கொடுத்து வாசிக்க வைப்பார்கள். மனைவி இடப்பக்கம் நின்று தீர்க்கதரிசனத்தை வாசிப்பார். கணவர் வலப்பக்கம் நின்று, அது நிறைவேறிய கதையைச் சுவிசேஷத்திலிருந்து வாசிப்பார். பிறகு இருவரும் நடுவில் வந்து ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றுவார்கள்.

இந்த வருடம் என் தம்பி வீட்டுக்கு வந்தது ஏசாயா ஒன்பதாம் அதிகாரம். நமக்கு ஒரு பிள்ளை பிறந்தது, நமக்கு ஒரு மகன் தரப்பட்டான் என்று வருகிற வசனம்.

அதில் என்ன தகராறு? சொல்கிறேன். எங்கள் சபைகளில் வருடப் பிறப்பன்று வாக்குத்தத்த அட்டை எடுப்பது வழக்கம். ஒரு தட்டில் வசனம் அச்சடித்த அட்டைகளைக் கவிழ்த்து வைத்திருப்பார்கள். வீட்டுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அந்த வருடத்துக்கு அதுதான் நமக்கென்று ஆண்டவர் தந்த வார்த்தை. எனக்குப் போன வருடம் கழுகைப் போலப் புதுப்பெலன் வரும் என்று வந்தது. வந்தது முழங்கால் வலி. நான் சிரித்துவிட்டு விட்டேன். ஆனால் கல்யாணமாகி ஏழு வருடம் பிள்ளையில்லாத என் தம்பி, இந்த வருடம் எடுத்த அட்டையில் அதே ஏசாயா வசனம் இருந்தது. அவன் சிரிக்கவில்லை. சபையே அவன் கையைப் பிடித்துக் குலுக்கியதாம். "தொட்டில் வாங்கிடுங்க" என்றார்களாம்.

அட்டை சொன்னபடியே வசந்தி உண்டானாள். செப்டம்பரில், ஐந்தாம் மாதத்தில், கலைந்துபோயிற்று. அதற்குப் பிறகு அவள் ஆலயத்துக்குப் போகவில்லை. இப்போது சபைக்கார நல்லவர்கள், அவளுக்குத் தைரியம் வரட்டும் என்று, அந்த வசனத்தையே வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். நல்லவர்கள் செய்கிற காரியம் சில நேரம் இப்படித்தான் இருக்கிறது.

முற்பகல், ரயிலில்

பக்கத்து இருக்கையில் குடியாத்தத்துப் பையன் ஒருவன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, நெற்றியில் விபூதி. ஜோலார்பேட்டை தாண்டி வண்டி மலைப்பக்கம் வளைந்து ஏறத் தொடங்கியதும் பேச்சுக் கொடுத்தான். ரயிலில் முன்பின் தெரியாதவரிடம் சொல்கிற மாதிரி சொந்தக்காரரிடம் சொல்ல முடிவதில்லை. நான் முழுவதையும் கொட்டிவிட்டேன்.

"ஜாதகம் மாதிரியா மேடம்?" என்று கேட்டான். "எனக்கும் இந்த வருஷம் கல்யாணம்னு எழுதியிருக்காம். எங்கம்மா ஊர் ஊரா அலையறாங்க."

"ஜாதகம் உன்னப் பத்தினதுப்பா. இது எங்க ஏசு சாமியப் பத்தினது. அவரு பொறக்கறதுக்கு எழுநூறு வருஷம் முன்னாடி சொன்னது."

"அவரு பொறந்துட்டாரு இல்ல?"

"பொறந்துட்டாரு."

"அப்புறம் உங்க தம்பிக்கு அத எதுக்கு மேடம் குடுத்தாங்க?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். ஞாயிறு பள்ளியில் வளர்ந்த நான் பேச்சை அவன் கல்யாணத்துக்குத் திருப்பினேன். பங்காரப்பேட்டையில் ஆளுக்கொரு வடை வாங்கிச் சாப்பிட்டோம். வொயிட்ஃபீல்டு தாண்டியதும் ஜன்னல் காற்று சில்லென்று மாறியது. எங்கள் காட்பாடிக்கு டிசம்பரில்கூட இந்தக் காற்று வாய்க்காது.

மதியம், கன்டோன்மென்டிலிருந்து லிங்கராஜபுரம்

நிலையத்துக்கு வெளியே ஆட்டோக்காரர் கன்னடத்தில் தொடங்கினார். "எல்லிகே மேடம்?"

"லிங்கராஜபுரம்."

"தமிழா? குந்துங்க. மீட்டர் மேல பத்து ரூபா குடுங்க."

"பட்டப்பகல்ல மீட்டர் மேல எதுக்குங்க?"

"கிறிஸ்மஸ் ட்ராஃபிக் மேடம். சொல்பா அட்ஜஸ்ட் பண்ணுங்க."

அட்ஜஸ்ட் செய்தேன். நாலைந்து கிலோமீட்டர்தான். காக்ஸ் டவுன் பக்கம் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம். ஜீவனஹள்ளியில் ஒரு பிள்ளையார் கோயில் எதிரே இருந்த மின்கம்பத்திலும் பெரிய நட்சத்திரம் ஒன்று ஆடியது. "அது நாங்க கட்டினது" என்றார் ஆட்டோக்காரர். "எங்க சந்துல நாலு வீடுதான் உங்காளுங்க. ஆனா ஸ்டார் எல்லாரும் சேந்துதான் கட்டுவோம். கலெக்‌ஷன் நான்தான் பண்ணுவேன்." எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போயிற்று. பத்து ரூபாயை முகம் சுளிக்காமல் கொடுத்தேன்.

தம்பி வீடு ஒரு ஹார்டுவேர் கடைக்கு மேலே, முதல் மாடி. அவன் அடுகோடியில் ஒரு லேத் பட்டறையில் சூப்பர்வைசர். சனிக்கிழமை அரை நாள். கை துடைத்துக்கொண்டே வந்து நின்றான். டி.வி.க்கு மேலே அந்த அட்டை, கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. சட்டம் போட்டது ஜனவரியிலாம்.

"வருஷம் இன்னும் முடியலக்கா" என்றான், நான் அதைப் பார்ப்பதைப் பார்த்து. "வாக்குத்தத்தம் தாமதமாகும், பொய்யாகாது. ஆபிரகாமுக்குப் பிள்ளை பொறக்க எத்தன வருஷம் ஆச்சு? இவ வாசிக்க மாட்டேன்னா அது அவிசுவாசம். நாமளே கதவ சாத்தினாப்ல ஆயிடும்."

செப்டம்பரில் நடந்ததை அவன் 'தாமதம்' என்றுதான் சொன்னான். வேறு எந்தச் சொல்லும் அவன் வாயில் வரவில்லை.

சாயங்காலம், சமையலறை

வசந்தி கல்கல் செய்துகொண்டிருந்தாள். மைதா மாவைச் சின்ன உருண்டையாக்கி, முள்கரண்டியின் முதுகில் வைத்து அழுத்திச் சுருட்டி எண்ணெயில் போடுகிற பலகாரம். பெங்களூர்க் கிறிஸ்தவ வீடுகளில் இது இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. நானும் ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டேன். நான் சுருட்டியதெல்லாம் நத்தை நசுங்கினது போல வந்தது.

"விடுங்க அண்ணி, நீங்க சர்க்கரைப் பாகு பாத்துக்கோங்க" என்றாள். சிரித்தாள்கூட. அப்புறம் அவளே ஆரம்பித்தாள்.

"வசனம் பொய்யின்னு நான் சொல்லல அண்ணி. சின்ன வயசுலேர்ந்து மனப்பாடமா சொன்ன வசனம் அது. அது ஏசப்பாவப் பத்தினது. அவருகிட்ட அது நெறவேறிடுச்சு. எல்லாருக்கும் சேத்துக் குடுத்த பிள்ளை அவரு. அதப் பிடுங்கி என் மடியில எதுக்குப் போட்டாங்க?"

ரயில் பையன் கேட்ட கேள்வியை இவள் அழுதுகொண்டே கேட்டாள்.

"நான் போய் நின்னு அத வாசிச்சா ஒருத்தர் கண்ணும் புஸ்தகத்துல இருக்காது. என் வயித்துலதான் இருக்கும். அப்புறம் ஃப்ளாரன்ஸ் ஆன்ட்டி வந்து, அடுத்த வருஷம் பாரு வசந்தின்னு சொல்லுவாங்க. இவரு ஆமென்னு சொல்லுவாரு. எங்களுக்கு ஒரு பிள்ளை இருந்துச்சுன்னு ஒருத்தர் வாயிலயும் வராது."

அவளைச் சமாதானப்படுத்தத்தான் நான் அறுபது ரூபாய் கொடுத்து வந்திருந்தேன். பாகு அடிப்பிடித்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பாஸ்டர் ஐயா வந்தார். ஐம்பது வயதிருக்கும், ஸ்கூட்டரை ஹார்டுவேர் கடை வாசலில் நிறுத்திவிட்டு, மூச்சு வாங்கப் படியேறி வந்தார். அவளுக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று அவரைக் கூப்பிட்டவன் தேவராஜ்தான். ஐயா கல்கலை வாயில் போட்டுக்கொண்டு, டி.வி.க்கு மேலிருந்த சட்டத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தம்பி, ஏசாயா இத எப்ப சொன்னாருன்னு தெரியுமா? அசீரியாக்காரன் படையெடுத்து வந்து தேசமே இருட்டாக் கெடந்தப்போ. ஜனங்க அப்ப ஒரு ராஜாவ எதிர்பாத்தாங்க. வந்தவரு மாட்டுத் தொழுவத்துல வந்து படுத்தாரு. எதிர்பாத்தவங்களுக்கே அடையாளம் தெரியல. எருசலேம்ல வேதம் கரைச்சுக் குடிச்ச வேதபாரகருங்க இருந்தாங்களே, மேசியா எங்க பொறப்பாருன்னு ஏரோது ராஜா கேட்டவுடனே பெத்லகேம்னு டக்குனு சொன்னாங்க. ஊரு பேரு சரியாச் சொன்னவங்க, இந்தா இருக்கற அந்த ஊருக்கு ஒருத்தர்கூட நடந்து போகல. தீர்க்கதரிசனம் எனக்குப் புரிஞ்சுபோச்சுன்னு நெனைக்கிறதே ஒரு ஆபத்து."

"அப்போ அட்டை?" என்றான் தேவராஜ்.

"அட்டையக் கத்திரிச்சு அச்சடிக்கறது மனுஷன். தட்டுல வெச்சு உங்கிட்ட நீட்டினது நான். அது ஆண்டவர் வார்த்தை, அதுல சந்தேகமில்ல. ஆனா உனக்கு ஒரு குழந்தைன்னு அது சொல்லுதுன்னு நெனச்சு நானும் உன் கையக் குலுக்கினேன். அது என் தப்பு."

ஒரு பாஸ்டர் வாயால் இப்படிக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. தேவராஜ் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டான்.

ஐயா வசந்தியிடம் திரும்பினார். "நீ வாசிக்கலன்னாலும் ஒண்ணும் இல்லம்மா. வேற வசனம் வாசிக்கணும்னு தோணினாலும் சரி."

"எது வேணும்னாலும் வாசிக்கலாமா ஐயா?"

"பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசனமா இருக்கணும். ஏசுவோட பிறப்பச் சொல்றப்போ சுவிசேஷக்காரங்க அது நெறவேறுச்சுன்னு எழுதியிருக்கணும். அவ்ளோதான்."

அவள் வேதாகமத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என்ன வசனம் என்று எங்களிடம் சொல்லவில்லை. மறுநாள் ஆலயத்துக்குக் கிளம்பும்போது, "மத்தேயு ரெண்டு, பதினாறுலேர்ந்து பதினெட்டு. நீங்க அத வாசிங்க" என்று மட்டும் தேவராஜிடம் சொன்னாள். அவன் சரி என்று தலையாட்டினான். பிரித்துப் பார்க்கக்கூட அவனுக்கு மனமில்லை.

ஞாயிறு மாலை ஐந்து மணி, ஆலயம்

ஆலயம் சிறியது, தெருவில் போகிற பஸ்ஸின் ஹாரன் ஜெபத்துக்கு நடுவே வந்து போகும். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். முன்னால் மேசையில் ஏற்றாத மெழுகுவர்த்திகள். வசந்தியைப் பார்த்ததும் பெண்கள் வரிசை முழுக்கத் தலை திரும்பியது. ஃப்ளாரன்ஸ் ஆன்ட்டி என்பவரை எனக்கு யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. வசந்தியின் கன்னத்தைத் தடவி, "வந்துட்டியா கண்ணு, ஸ்தோத்திரம்" என்று உரத்த குரலில் சொன்ன பெரிய உருவம் அவர்தான். பள்ளியில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம்.

ஆதியாகமத்தில் ஆரம்பித்தது. மீகாவின் பெத்லகேம் வசனம் வாசிக்க வந்த அம்மாள் மீகா எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி, கடைசியில் கணவர் எட்டி வந்து எடுத்துக் கொடுத்தார். சபை சிரித்தது, ஐயாவும் சிரித்தார். ஆனால் அந்த அம்மாள் வாசிக்க, எதிரே கணவர் மாட்டுத்தொழுவத்தில் பிள்ளை பிறந்த கதையை வாசிக்க, எனக்கு உடம்பு சிலிர்த்தது. உள்ளதைச் சொன்னால், காட்பாடியில் நான் கடனே என்று ஆலயத்துக்குப் போகிறவள். அன்று அந்தப் பழைய வார்த்தைகள் ஒரு பக்கத்திலிருந்து புறப்பட்டு மறுபக்கத்தில் போய்ச் சேருவதை நேரில் பார்ப்பது போல இருந்தது.

ஏசாயா ஒன்பதாம் அதிகாரத்தை ஃப்ளாரன்ஸ் ஆன்ட்டியே வாசித்தார். ஐயா கடைசி நேரத்தில் அவரிடம் கொடுத்திருக்கிறார். நல்ல கணீர்க் குரல். வாசித்து முடித்ததும் வசந்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

கடைசியாக எங்கள் வீடு. வசந்தி இடப்பக்கம் போய் நின்றாள். தேவராஜ் வலப்பக்கம் நின்றான்.

"எரேமியா முப்பத்தொண்ணாம் அதிகாரம், பதினஞ்சாம் வசனம்" என்றாள்.

எனக்கு என்ன வசனம் என்று பிடிபடவில்லை. பக்கத்தில் யாரோ 'ஐயோ' என்று மெல்லச் சொன்னார்கள். வசந்தி நிதானமாக வாசித்தாள். ராமா என்னும் ஊரில் அழுகைச் சத்தம் கேட்கிறது. ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள். பிள்ளைகள் இல்லாமற்போனபடியால், ஆறுதல் வேண்டாம் என்கிறாள்.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் யாரும் வாசிக்காத தீர்க்கதரிசனம் அது. ஆனால் மத்தேயு அதை இயேசு பிறந்த கதைக்குள்ளேதான் வைத்திருக்கிறார். நட்சத்திரத்தைப் பார்த்துக் கிழக்கிலிருந்து வந்த சாஸ்திரிகள் பொன்னும் தூபமும் வைத்துவிட்டுப் போன பிறகு, ஏரோது பெத்லகேமில் குழந்தைகளைக் கொல்கிறான்; அப்போது எரேமியா சொன்னது நிறைவேறியது என்று எழுதுகிறார்.

தேவராஜ் வாசிக்க ஆரம்பித்தான். ஏரோதின் கோபம், கொலை, எல்லாவற்றையும் வேகமாக வாசித்துக்கொண்டு வந்தான். பதினெட்டாம் வசனத்துக்கு வந்ததும் நின்றுவிட்டான். மத்தேயு அங்கே எரேமியாவின் அதே வார்த்தைகளைத் திரும்ப எழுதியிருக்கிறார். மனைவி இந்தப் பக்கம் வாசித்ததை அந்தப் பக்கம் அவனும் தன் வாயால் சொல்லியாக வேண்டும். ராகேல் அழுகிறாள். பிள்ளை இல்லை. ஆறுதல் வேண்டாம்.

சபை காத்திருந்தது. ஐயா எழுந்திருக்கவில்லை. வெளியே ஒரு பஸ் நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போயிற்று.

வசந்தி தன் இடத்தை விட்டு நடந்தாள். அந்த ஆலயத்தில் வாசிப்பவர்கள் பாதியில் பக்கம் மாறுவது கிடையாது. அவள் அவனருகே போய் நின்றாள். அவனுக்காக வாசிக்கவில்லை, அந்த வரியின் மேல் விரலை மட்டும் வைத்தாள். என் தம்பி அழுதுகொண்டே வாசித்தான். ஒவ்வொரு சொல்லாக, 'இல்லை' என்ற சொல்லையும் சேர்த்து வாசித்தான். மூன்று மாதமாக அவன் அழவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நானும் அழுதேன், வெட்கப்படவில்லை.

இருவரும் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். ஐயா பிரசங்கம் செய்யவில்லை. பாட்டு, ஆசீர்வாதம், முடிந்தது.

வாசலில் கேக்கும் டீயும் கொடுத்தார்கள். ஃப்ளாரன்ஸ் ஆன்ட்டி நேராக வந்தார். நான் வசந்தியை ஒட்டிப் போய் நின்றேன்.

"அடுத்த வசனத்துல ஆறுதல் இருக்குதே ஐயா" என்றார் பாஸ்டரிடம். "அழாத, பிள்ளைங்க திரும்பி வருவாங்கன்னு எரேமியா சொல்றாரே. அதையும் சேத்து வாசிச்சிருக்கலாமே?"

"இருக்கு. ஆனா மத்தேயு அது வரைக்கும் போகல. அங்கேயே நிறுத்திட்டாரும்மா. அது வரும். இப்பவே வரணும்னு அவரு எழுதல."

ஆன்ட்டி கேக்கைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வசந்தியின் பக்கம் திரும்பி, கணீர்க் குரலை எங்கோ விட்டுவிட்டு, "எனக்கு ரெண்டுடி" என்றார். "மூத்தவனுக்கு முன்னாடி. எங்க வூட்ல அதப் பேசவே மாட்டாங்க. முப்பத்தெட்டு வருஷம் ஆவுது, உங்கிட்டதான் சொல்றேன்." வசந்தி அவரைக் கட்டிக்கொண்டாள். இன்னும் இரண்டு பெண்கள் அருகில் வந்தார்கள். நான் டீயை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனேன். அது எனக்கான பேச்சு அல்ல.

திங்கட்கிழமை, திரும்பும் வழி

தேவராஜ் லீவு போட்டுவிட்டுக் கன்டோன்மென்ட் வரை வந்தான். வண்டி கொஞ்சம் தாமதம். பெஞ்சில் உட்கார்ந்து எங்கள் காட்பாடி ஆலயத்தை நினைத்தேன். பெரிய ஆலயம், நல்ல பாடகர் குழு. அங்கேயும் கிறிஸ்துமஸ் வாசிப்பு உண்டு. மேய்ப்பர்கள், சாஸ்திரிகள், அத்தோடு பலகாரம். ஏரோது வரும் முன்பே பாட்டுப் பாடி முடித்துவிடுவோம். இத்தனை வருடம் அங்கே உட்கார்ந்திருந்த பெண்களில் எத்தனை பேருக்கு அந்த விட்டுப்போன பகுதி தேவைப்பட்டதோ! ஊர் போனதும் எங்கள் சபை ஐயரிடம் கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். சண்டை போட்டாவது கேட்பேன். எனக்கு அது புதிதல்ல.

வண்டி வந்தது. தேவராஜ் பையை மேலே வைத்துவிட்டு இறங்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். வண்டி அசைந்த பிறகுதான் சொன்னான்.

"அக்கா, பேரு வெச்சிருந்தோம். பையன்னாலும் பொண்ணுன்னாலும் ஒரே பேருதான். கிருபா."

"நல்ல பேருடா" என்றேன். வண்டி நகர, அவன் கூடவே கொஞ்ச தூரம் நடந்து நின்றான்.

எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள் நான் கண்ணைத் துடைப்பதைப் பார்த்து, "ஏத்திவுட வந்தது யாரு, தம்பியா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். "கிருபாவோட அப்பா."